கோலாலம்பூரில் இறங்கியபின்: விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போவது எப்படி

கோலாலம்பூர் விமான நிலையம் கோலாலம்பூரில் இல்லை. 1998-ல் திறக்கப்பட்ட கேஎல்ஐஏ, நகரத்துக்குத் தெற்கே சிப்பாங் என்ற ஊரில், நகர மையத்திலிருந்து 55 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. மீனம்பாக்கத்தில் இறங்கி அரைமணியில் வீட்டுக்குப் போகிற பழக்கத்தில் இங்கே வந்தால் கணக்கு தப்பும். எதில் ஏறுவது என்பதை மூன்று கேள்விகளை வைத்து முடிவு செய்யுங்கள்: எத்தனை பேர், இறங்குவது எத்தனை மணிக்கு, தங்கும் விடுதி எந்த ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். வேகமான ரயில் எது என்பது அதற்குப் பிறகுதான்.

ஊரிலேயே முடிக்க வேண்டியவை

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 2026 டிசம்பர் 31 வரை விசா இல்லாமல் 30 நாட்கள் தங்கலாம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது; இ-விசா வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். யாராக இருந்தாலும் கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

விசா இல்லை என்றால் ஒன்றுமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. எம்டிஏசி என்னும் மின்னணு வருகை அட்டை 2024 ஜனவரி 1 முதல் கட்டாயம். வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும், அதற்கு முன்னால் தளம் ஏற்காது. கட்டணம் இல்லை. தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் தளங்களில் பல, இந்த இலவசப் படிவத்தை நிரப்பித் தருவதாகச் சொல்லிப் பணம் பிடுங்குபவை. முகவரி 'ஜிஓவி டாட் எம்ஒய்' என்ற அரசுப் பின்னொட்டோடு இருக்கிறதா என்று பாருங்கள், அட்டை எண் கேட்டால் வெளியேறிவிடுங்கள்.

படிவத்தில் பெயரும் எண்ணும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். விடுதியின் முகவரியும் அஞ்சல் குறியீடும் கேட்கும், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனி அட்டை. தவறாக நிரப்பிவிட்டால் திருத்துவதற்குப் போராடாமல் புதிதாக ஒன்று நிரப்பிவிடுவது சுலபம். மின்னஞ்சலில் வரும் உறுதிச் சீட்டைப் படமெடுத்து கைபேசியில் வையுங்கள். இறங்கும் இடத்தில் இணையம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

வாடகைக் கார் அழைக்கும் கிராப் செயலியையும் புறப்படும் முன்பே நிறுவி, இந்திய எண்ணுக்கு ஓடிபி வாங்கி, முகச் சரிபார்ப்பு வரை முடித்து வையுங்கள். மலேசிய சிம் போட்ட பிறகு ஓடிபி பழைய எண்ணுக்குப் போய் மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். சுவர்ச் செருகியும் வேறு: இங்கே தட்டையான மூன்று முனை, சிங்கப்பூரில் இருப்பது போல. நம் ஊர் உருண்டை முனை நுழையாது.

எந்த டெர்மினல்?

டெர்மினல் 1-லிருந்து மலேசியா ஏர்லைன்ஸும் பெரும்பாலான வெளிநாட்டு நிறுவனங்களும் இயங்குகின்றன. 2014-ல் திறந்த டெர்மினல் 2 ஏர் ஏசியாவின் கோட்டை. பழைய ஆட்கள் இன்னும் கேஎல்ஐஏ 2 என்றே சொல்வார்கள். இரண்டும் ஒரே வளாகம்தான், ஆனால் நடந்து போகிற தூரம் இல்லை.

டெர்மினல் 1-ல் உங்கள் விமானம் துணைக் கட்டடத்தில் நின்றால் குடிநுழைவும் பெட்டியும் அங்கே இருக்காது. ஏரோட்ரெயின் என்னும் ஆளில்லா வண்டியில் ஏறி முதன்மைக் கட்டடத்துக்கு வர வேண்டும். அந்த வண்டி 2023 மார்ச்சில் நின்றுபோய், 2025 ஜூலையில்தான் புது வண்டிகளோடு மறுபடி ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் பேருந்தைச் சொல்லும், குழம்ப வேண்டாம்.

டெர்மினல் 2-ல் வண்டி கிடையாது, நடைதான். துணைக் கட்டடத்திலிருந்து முதன்மைக் கட்டடத்துக்கு 300 மீட்டர் நீள வானப்பாலம் ஒன்றைக் கடந்தாக வேண்டும், அதற்கு முன்னும் பின்னும் நீண்ட தாழ்வாரங்கள். வயதானவர்கள் கூட வந்தால் பயணச்சீட்டு வாங்கும்போதே சக்கர நாற்காலி கேட்டு வையுங்கள். வந்திறங்கிய பிறகு கேட்டால் காத்திருக்க வேண்டியிருக்கும், சில நிறுவனங்கள் அதற்குக் கட்டணமும் போடும்.

குடிநுழைவு, சுங்கம்

வெளிநாட்டவர் வரிசையில் நின்று, கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் சொல்லும்போது இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கருவியில் வைக்க வேண்டும். விரல் உலர்ந்திருந்தால் பதியாது, லேசாகத் துடைத்து அழுத்துங்கள். கேள்விகள் வழக்கமானவை: எத்தனை நாள், எங்கே தங்கல், திரும்பும் சீட்டு எங்கே. தனியாக வரும் இளைஞர்களிடம் கையில் எவ்வளவு பணம் என்றும் கேட்பதுண்டு. திரும்பும் பயணச்சீட்டும் விடுதி முன்பதிவும் காகிதத்தில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவர்களுடைய முழு முகவரியும் தொலைபேசி எண்ணும் கையில் இருக்கட்டும். 'தெரிந்தவர் வீடு, வந்து அழைத்துப் போவார்' என்ற பதில் சந்தேகத்தைத்தான் கிளப்பும். இங்கே 'சுற்றுலா' என்று வந்து வேலைக்குப் போகிறவர்களைத் தடுப்பதுதான் குடிநுழைவு அதிகாரிகளின் நோக்கம், அதனால் பதில் நேராகவும் தாளோடு பொருந்துவதாகவும் இருப்பது முக்கியம்.

சுங்கத்தில் நம் ஆட்கள் மாட்டுவது பெரும்பாலும் சாப்பாட்டுப் பொருளால். இறைச்சி, செடி, பழம், விதை ஆகியவற்றுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அத்தைக்கென்று கட்டிய கறிவேப்பிலைக் கட்டும் மாம்பழமும் இந்தப் பட்டியலில்தான் வரும். 10,000 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட மதிப்பில் ரொக்கம் இருந்தால் அறிவிக்க வேண்டும். யாரோ கொடுத்தனுப்பும் பொட்டலத்தை, என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். போதைப்பொருள் சட்டம் இங்கே மிகக் கடுமை.

பணமும் சிம்மும்

நாணயம் ரிங்கிட். மலேசியத் தமிழர்கள் 'வெள்ளி' என்பார்கள், கடையில் 'அஞ்சு வெள்ளி' என்றால் ஐந்து ரிங்கிட். விமான நிலைய மாற்று விகிதம் மோசம். முதல் நாள் செலவுக்கு மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொண்டு மீதியை நகரத்தில் மஸ்ஜித் இந்தியா பகுதியிலோ, விடுதிக்குப் பக்கத்துப் பேரங்காடியிலோ மாற்றுங்கள். ஏடிஎம்மில் எடுக்கும்போது 'ரூபாயில் கணக்கிடவா' என்று திரை கேட்டால் மறுத்துவிட்டு ரிங்கிட்டையே தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் அந்த இயந்திரம் வைத்த விகிதத்தில் பணம் போகும். மாற்றும்போதே 1, 5, 10 ரிங்கிட் தாள்களாகக் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். ஏன் என்பது ரயில் நிலையத்தில் தெரியும்.

சிம் கடைகள் வருகைக் கூடத்திலேயே வரிசையாக இருக்கின்றன: செல்காம்டிஜி, ஹாட்லிங்க், யூ மொபைல். கடவுச்சீட்டைக் காட்டிப் பதிந்துதான் தருவார்கள். ஒரு வாரப் பயணத்துக்கு எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசமில்லை. கவுண்டரை விட்டு நகரும் முன் இணையம் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் போக

கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் என்னும் ஊதா நிற ரயில், இடையில் எங்கும் நிற்காமல் நகரின் முதன்மை ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்குப் போகிறது. டெர்மினல் 1-லிருந்து 28 நிமிடம், டெர்மினல் 2-லிருந்து 33 நிமிடம். பெரியவர்களுக்கு ஒரு வழிக் கட்டணம் 55 ரிங்கிட். விசா, மாஸ்டர்கார்டு அட்டையைத் தடுப்பில் நேராகத் தட்டி உள்ளே போகலாம். டெர்மினல் 1-ல் வருகைக் கூடம் 3-ம் தளத்தில், ரயில் 1-ம் தளத்தில், ஆகவே மின்தூக்கியில் இறங்குங்கள். டெர்மினல் 2-ல் வருகையும் ரயிலும் ஒரே 2-ம் தளம், ஆனால் நடுவில் ஒரு பேரங்காடியைக் கடக்க வேண்டும். ரயில் படம் போட்ட பலகையை மட்டும் பின்தொடருங்கள்.

இதற்குச் சாதகம் ஒன்று, பாதகம் ஒன்று. சாதகம், போக்குவரத்து நெரிசல் இதைத் தொடாது. பாதகம், இது உங்களை விடுதியில் விடாது, கேஎல் சென்ட்ரலில்தான் விடும். அங்கிருந்து இன்னொரு ரயிலோ கிராப்போ தேவை. ஒருவர் என்றால் 55 நியாயம். இருவர் என்றால் 110, அதோடு சென்ட்ரலிலிருந்து 10–15 ரிங்கிட் கிராப். அதற்குள் விமான நிலையத்திலிருந்தே நேராக கிராப்பில் போயிருக்கலாம். மூன்று பேருக்கு மேல் என்றால் ரயிலை யோசிக்கவே வேண்டாம்.

கிராப்பில் நகர மையத்துக்குப் பொதுவாக 65-லிருந்து 100 ரிங்கிட்டுக்குள் வரும், நெடுஞ்சாலைச் சுங்கம் தனியாகச் சேரும். எந்தக் கதவருகே நிற்க வேண்டும் என்று செயலியே சொல்லும். கதவு எண்ணைத் தவறாகப் போட்டு அழைத்தால் ஓட்டுநர் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும், அதற்குள் ரத்து செய்துவிடுவார். வெளியே வந்து, கதவு எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகே பதிவு செய்யுங்கள். நான்கு பெரிய பெட்டிகள் என்றால் ஆறு இருக்கை வண்டியைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண வண்டிகள் சிறியவை, பல வண்டிகளில் பின்னறையில் எரிவாயு உருளை வேறு இருக்கும்.

வருகைக் கூடத்தில் 'டாக்சி, டாக்சி' என்று காதருகே வந்து கேட்பவர்களோடு பேச்சே வைத்துக்கொள்ள வேண்டாம். இவர்களுக்கு உள்ளூரில் 'ஊலாட்', அதாவது புழு என்று பெயர். டாக்சிதான் வேண்டுமென்றால் கவுண்டரில் கட்டணச் சீட்டு வாங்கிக்கொண்டு ஏறுங்கள். நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை மீட்டர் டாக்சிக்கு ஒன்றரை மடங்கு.

பேருந்து மலிவு. கேஎல் சென்ட்ரலுக்கு 15 ரிங்கிட்டை ஒட்டித்தான் வரும், சாலை காலியாக இருந்தால் ஒரு மணி நேரம். டெர்மினல் 2-ல் 1-ம் தளத்திலும், டெர்மினல் 1-ல் கார் நிறுத்தக் கட்டடத்தின் சி பிரிவிலும் பேருந்து நிலையம். மலாக்கா, ஈப்போ போகிறவர்கள் நகரத்துக்குள் போகவே வேண்டாம், இங்கிருந்தே நேரடிப் பேருந்து உண்டு.

சென்னையிலிருந்து இரவு கிளம்பும் விமானங்கள் விடிகாலையில்தான் இறங்கும். குடிநுழைவு முடிந்து வெளியே வர ஏழு, எட்டு ஆகிவிடும், அப்போது நகரத்துக்குள் போகும் சாலைகள் அடைத்துக்கொண்டிருக்கும். பேருந்து ஒன்றரை மணி நேரம் இழுக்கும். ஆனாலும் அந்த நேரத்தில் அவசரம் எதற்கு? விடுதி அறை பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். 55 ரிங்கிட் கொடுத்து 28 நிமிடத்தில் போய் லாபியில் ஆறு மணி நேரம் உட்காருவதைவிட, விமான நிலையத்தில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குக் கிளம்பினால் சாலையும் இளகியிருக்கும்.

இரவில் இறங்குபவர்களுக்கு நேர்மாறான சிக்கல். எக்ஸ்பிரஸ் நள்ளிரவை ஒட்டியும் ஓடும், நகர ரயில்களோ 12 மணியை ஒட்டி அடங்கிவிடும். பதினொன்றரைக்கு மேல் இறங்கினால் நேராக கிராப்.

பலருக்குத் தெரியாத மலிவு வழி

எக்ஸ்பிரஸின் தண்டவாளத்திலேயே கேஎல்ஐஏ டிரான்சிட் என்னும் இன்னொரு ரயில் நின்று நின்று போகிறது: சாலாக் திங்கி, புத்ராஜெயா, பண்டார் தாசிக் செலாத்தான், பிறகு சென்ட்ரல். கடைசி வரை போனால் எக்ஸ்பிரஸ் கட்டணமேதான், லாபமில்லை. புத்ராஜெயாவில் இறங்கினால் கதை மாறும். 2023 மார்ச்சில் முழுமையாகத் திறந்த எம்ஆர்டி (நகர மெட்ரோ ரயில்) புத்ராஜெயா தடம் அந்த நிலையத்திலிருந்தே புறப்படுகிறது. டிரான்சிட் தடுப்பை விட்டு வெளியே வந்து எம்ஆர்டி தடுப்பில் நுழைய வேண்டும். முதல் நிலையம் என்பதால் உட்கார இடம் கிடைக்கும். துன் ரசாக் எக்ஸ்சேஞ்சுக்கு முக்கால் மணி நேரம். அங்கே எம்ஆர்டியின் காஜாங் தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையம், கடைவீதிப் பகுதியான புக்கிட் பிந்தாங். இரண்டு கட்டணத்தையும் சேர்த்தாலும் 55-ல் பாதிகூட ஆகாது. ஒரு சிறிய பெட்டியோடு தனியாக வருபவருக்கு, விடுதி புக்கிட் பிந்தாங் பக்கம் என்றால், இதுதான் சிறந்த வழி. சென்ட்ரலுக்குச் சீட்டு வாங்கிவிடாதீர்கள், இயந்திரத்தில் புத்ராஜெயா என்று தேர்ந்தெடுங்கள். எக்ஸ்பிரஸில் தவறி ஏறினால் நடுவில் இறங்க வழியில்லை.

பண்டார் தாசிக் செலாத்தானில் இறங்குவது தெற்கே போகும் தொலைதூரப் பேருந்துக்காக. டிபிஎஸ் பேருந்து முனையம் அந்த நிலையத்தோடு பாலத்தால் இணைந்தது.

கேஎல் சென்ட்ரலில்

2001-ல் திறந்த இந்த நிலையத்தில்தான் பெரும்பாலான தடங்கள் கூடுகின்றன, எல்லோரும் வழி தவறுவதும் இங்கேதான். எல்ஆர்டி (இலகு நகர ரயில்) கிளானா ஜெயா தடமும், நாட்டின் ரயில் நிறுவனமான கேடிஎம்மின் ரயிலும் ஒரே கூடத்தில் இருக்கின்றன. மோனோரயிலுக்கு நூ சென்ட்ரல் பேரங்காடிக்குள் நுழைந்து மறுமுனைக்கு நடக்க வேண்டும். எம்ஆர்டி காஜாங் தடம் 'முசியம் நெகாரா' என்ற வேறு பெயரில் இருக்கிறது, ஒரு நீண்ட நடைபாதை வழியாகப் போக வேண்டும்.

இரட்டைக் கோபுரத்துக்கு: எல்ஆர்டியில் ஐந்தாவது நிறுத்தம், கேஎல்சிசி. மாறவே வேண்டாம்.

புக்கிட் பிந்தாங்குக்கு: வரைபடச் செயலிகள் மோனோரயிலையோ முசியம் நெகாராவையோ காட்டும். பெட்டியோடு இரண்டுமே தொல்லை, மோனோரயில் பெட்டிகள் குறுகலானவை, மாலையில் மூச்சு முட்டும். எல்ஆர்டியில் ஒரே நிறுத்தம் போய் பசார் செனியில் இறங்குங்கள். அங்கே தடுப்புக்கு வெளியே வராமலேயே எம்ஆர்டிக்கு மாறலாம், மின்தூக்கியும் உண்டு. அங்கிருந்து இரண்டாவது நிறுத்தம் புக்கிட் பிந்தாங்.

பத்துமலைக்கு: கேடிஎம் கொமுட்டர் என்னும் புறநகர் ரயில், கடைசி நிறுத்தமே பத்து கேவ்ஸ். நிலையத்திலிருந்து வெளியே வந்தால் குகை வளாகம். கட்டணம் மூன்று ரிங்கிட்டுக்குள், பயணம் அரைமணி. ஆனால் அரைமணிக்கோ ஒரு மணிக்கோ ஒரு வண்டிதான். நேரம் பார்த்துவிட்டு நடைமேடைக்கு இறங்குங்கள். நடுவில் உள்ள இளஞ்சிவப்புப் பெட்டிகள் பெண்களுக்கு மட்டும், குடும்பத்தோடு வந்த ஆண்களுக்கும் அதில் இடமில்லை. 272 படிகள், காலை ஒன்பதுக்குள் ஏறிவிட்டால் வெயில் தெரியாது. தைப்பூசத்துக்குக் கூடுதல் ரயில் விடுவார்கள், அன்று கார் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

சைவச் சாப்பாடோ வாழையிலைச் சாப்பாடோ தேடினால் எங்கும் போக வேண்டாம். சென்ட்ரலின் வாசலில் இருப்பதே பிரிக்ஃபீல்ட்ஸ், அதாவது லிட்டில் இந்தியா. அங்கே முதன்மைச் சாலைக்கும் பக்கத்து மோனோரயில் நிலையத்துக்கும் மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் பெயர்தான். வழி கேட்கத் தமிழே போதும். விடுதி இங்கேயே எடுத்தால் எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கி இன்னொரு வண்டி பிடிக்கும் தலைவலியே இல்லை.

டோக்கன், அட்டை

எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில் மூன்றுக்கும் ஒரே கட்டண முறை. இயந்திரத்தில் போகுமிடத்தைத் தொட்டால் நீல நிற பிளாஸ்டிக் டோக்கன் விழும். நுழையும்போது தடுப்பின் மேல் வைத்துத் தட்ட வேண்டும், வெளியேறும்போது துளைக்குள் போட வேண்டும். தொலைத்துவிட்டால் வெளியே வர அபராதம் கட்டியாக வேண்டும், அதனால் பையின் சில்லறை அறையில் தனியாக வையுங்கள். இந்த இயந்திரங்கள் பெரிய தாள்களை வாங்காது. 50, 100 ரிங்கிட் தாளோடு நிற்பவர்கள் கவுண்டர் வரிசைக்குப் போக வேண்டியதுதான். டோக்கன் கேடிஎம் ரயிலில் செல்லாது.

மூன்று நாளுக்கு மேல் தங்கினால் டச் அண்ட் கோ அட்டை வாங்குவது நல்லது. அட்டைக்கு மட்டும் சுமார் 10 ரிங்கிட், அதற்கு மேல் நீங்கள் போடும் தொகை. எல்லா ரயிலிலும் நகரப் பேருந்திலும் செல்லும். ரேப்பிட் என்னும் நகரப் பேருந்துகளில் ஓட்டுநர் ரொக்கம் வாங்குவதில்லை என்பதால், அட்டை இல்லாமல் பேருந்து இல்லை. ஒருவருக்கு ஓர் அட்டை: ஒன்றைத் தட்டி இருவர் போக முடியாது. மிச்சத் தொகையைத் திரும்ப வாங்குவது அலைச்சல், ஆகவே 20, 20-ஆகப் போடுங்கள்.

திரும்பும்போது

விடுதிக் கணக்கில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி சேர்ந்திருக்கும். வெளிநாட்டவருக்கு மட்டும், ஏமாற்றில்லை.

ஏர் ஏசியா வெளிநாட்டு விமானங்களுக்குக் கவுண்டர் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு மூடிவிடும். கைப்பை இரண்டும் சேர்ந்து 7 கிலோ, வாசலிலேயே எடை போடுவார்கள். அதற்குப் பிறகு வானப்பாலம் தாண்டி வாயில் வரை இருபது நிமிட நடை. ஆகவே விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்பாக நிற்கும்படி கிளம்புங்கள். மாலை ஐந்திலிருந்து எட்டு வரை சாலையில் போவதாக இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். பிற்பகல் இடிமழை பிடித்தால் கிராப் கட்டணமும் ஏறும், வண்டியும் கிடைக்காது. அந்த நேரத்தில் எக்ஸ்பிரஸுக்குக் கொடுக்கும் 55 ரிங்கிட் வீணில்லை.

ரயில் முதலில் டெர்மினல் 1-ல் நின்று, பிறகுதான் டெர்மினல் 2-க்குப் போகும். கூட்டத்தோடு சேர்ந்து முதல் நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டால் பதற வேண்டாம்: அடுத்த ரயிலில் 2 ரிங்கிட், மூன்று நிமிடம். இலவசப் பேருந்தும் உண்டு, ஆனால் நேரம் குறைவாக இருக்கும்போது அதற்காக நிற்காதீர்கள்.